எல்லாருக்கும் பெரியப்பா

ஜூன் 4

அக்காவுக்கு,

வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டின கவர் வந்ததும் உங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் எட்டிப் பார்த்திருப்பாங்க. பார்க்கட்டும். வீட்டு விலாசத்துக்கு எழுத முடியாது, காரணம் உனக்கே தெரியும். நம்ம வீட்டுல இருக்கிற ஒரே நல்ல போன் அப்பா கையில. எடுத்ததும் ஸ்பீக்கர்ல போட்டுடுவார். ஆயுசு முழுக்க பஸ்ல டிக்கெட் கிழிச்ச குரல்ல "சொல்லும்மா, எல்லாரும் கேட்டுட்டுதான் இருக்கோம்"னா நான் எதைச் சொல்றது? மெசேஜ் அனுப்பினா அப்பாவுக்குக் கண்ணு தெரியலைன்னு மாமா அதைச் சத்தமாப் படிச்சுக் காட்டுவார். உன்கிட்ட மட்டும் பேசணும்னா பேனாவைத்தான் எடுக்கணும் போல இருக்கு.

இங்கயே வேலைக்குச் சேரப் போறேன்னு நான் சொன்னப்ப அப்பா "ரொம்ப சந்தோஷம்"னார். பின்னாடி ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுது. அது தானா விழலைன்னு எனக்குத் தெரியும்.

படிச்சு முடிச்சதும் வந்துடுவேன், அப்பாவை நான் பார்த்துக்கறேன், நீ விட்ட படிப்பைத் தொடருன்னு நான்தான் சொன்னேன். மறக்கலைக்கா. ஆனா படிச்ச படிப்புக்கு ஒரு தடவையாவது வேலை பார்க்காம வர மனசு வரல. இங்க படிப்பு முடிஞ்சா வேலை தேடறதுக்குன்னு கொஞ்ச காலம் விடறாங்க. அதுக்குள்ள ஒரு கம்பெனி நம்மளை ஏத்துக்கிட்டு, நம்ம பேருக்கு அரசாங்கத்துல பொறுப்பு சொல்லணும். எத்தனை இன்டர்வியூ போனேன் தெரியுமா? எல்லாரும் நல்லா சிரிச்சுப் பேசுவாங்க. கடைசியா, "இங்க தங்கறதுக்கு உங்களுக்கு நாங்க ஏதாவது செய்யணுமா?"ன்னு கேப்பாங்க. ஆமான்னதும் அந்தச் சிரிப்பு அப்படியே மடிஞ்சு உள்ள போயிடும்.

இவர் ஒருத்தர்தான் அதைக் கேக்கவே இல்ல. "காகிதம் எல்லாம் என் கவலை. நீ சாப்பிட்டியா?"ன்னு கேட்டார். நம்ம மொழிக்காரர். அவரும் ஒரு காலத்துல மாணவரா வந்து இங்கயே நின்னவராம். பெரிய கோல்ட் ஸ்டோரேஜ் நடத்தறார். மீன், கறி, காய்னு ஊருக்கே இங்கிருந்துதான் போகுது. அதுல நான் பாதுகாப்பு இன்ஜினியர். அங்க வேலை செய்யற பாதிப் பேர் என்னை மாதிரி படிக்க வந்தவங்கதான். எல்லாரும் அவரைப் பெரியப்பான்னு கூப்பிடறாங்க.

தங்க ஆபீஸ் மாடியில ஒரு ரூமும் கொடுத்திருக்கார். ஜன்னலைத் திறந்தா எதிர்ல மெஷின் ரூம்.

கோபத்துலயாவது பதில் போடு.

வாண்டு

*

ஜூன் 21

வாண்டு,

பாத்திரம் தானாத்தான் விழுந்துது. கை ஈரமா இருந்துது. ரொம்பக் கற்பனை பண்ணிக்காதே.

நீ அங்க இருக்கறது பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நான் விட்ட படிப்பு எங்கயும் ஓடிப் போகாது, என்னை மாதிரியே அதுவும் ஒரே இடத்துல உக்காந்திருக்கும். அப்பாவுக்குப் பார்வை இன்னும் மங்கிட்டுது. நேத்து நான்னு நெனச்சுக்கிட்டு கொடியில தொங்கின புடவைகிட்ட பத்து நிமிஷம் பேசியிருக்கார். பதில் வரலைன்னு கோவிச்சுக்கிட்டு வேற வந்துட்டார். என் வீட்டுக்காரர், அதான் உங்க மாமா, வேலை பார்த்த அச்சாபீஸ் மூடினதுலேர்ந்து வீட்டுல இருக்கிற எல்லா ஸ்க்ரூவையும் கழட்டி மாட்டிட்டு இருக்கார். ஃபேன் இப்ப சுத்தறதே இல்ல.

அது சரி, யாருடீ இந்தப் பெரியப்பா? நமக்குன்னு இருக்கிற ஒரு பெரியப்பாவோடவே பேச்சு வார்த்தை இல்ல. அவ்வளவு தூரம் போய் புதுசா ஒருத்தரைப் பிடிச்சிருக்கே. வேலை கொடுக்கறவன் முதலாளின்னு சொல்லிட்டுப் போகட்டும், பெரியப்பா எதுக்கு? முதலாளின்னா எதிர்த்துக் கேக்கலாம். பெரியப்பாவை எப்படிக் கேப்பே?

வகுப்புக்கு மணி அடிச்சாச்சு. உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

*

ஜூலை 10

அக்காவுக்கு,

உன் லெட்டரைப் படிச்சு நான் சிரிச்சதுல நெட்டை ஓடி வந்துட்டான். நெட்டைங்கிறது என்கூட வேலை செய்யற பையன். கதவுல தலை இடிக்காம ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. கம்ப்யூட்டர் படிச்சுட்டு, வேலை கிடைக்காம, இங்க பெட்டி தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டறான். அவங்க அம்மாகிட்ட ஐ.டி.யில இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கான். "பொய் இல்ல, ஐஸ் டிபார்ட்மென்ட்"ங்கிறான். காதுல எப்பவும் பாட்டு ஓடும்.

வேலை பிடிச்சிருக்கு. வெளியில வெயில் கொளுத்தும்போது நாங்க உள்ளே ரெட்டைக் கோட்டு போட்டுக்கிட்டு அலையறோம். பெட்டிகளைக் குளிர வைக்க குழாய்ல ஓடறது அமோனியா. கொஞ்சம் கசிஞ்சாலும் மூக்கும் கண்ணும் எரியும். நிறைய கசிஞ்சா ஆளையே எடுத்துடும். அதனால ஒவ்வொரு அறையிலயும் சுவத்துல ஒரு சென்சார். வாடை பட்டா மணி அடிக்கும், எல்லாரும் வெளிய ஓடணும். அதையெல்லாம் பார்த்துக்கறதுதான் என் வேலை.

மூணாவது அறை மணி மட்டும் அடிக்கடி அடிக்கும். ஒவ்வொரு தடவையும் வேலை நின்னு போகும். போன வாரம் போய்ப் பார்த்தா ஒயரைக் கழட்டி விட்டிருக்காங்க. பெரியப்பாகிட்ட கேட்டேன். "யாராவது தும்மினாக்கூட கத்துதும்மா அது. புதுசு சொல்லியிருக்கேன், வந்ததும் மாட்டிக்கலாம்"னார். சென்சார் மேல தப்பு இல்ல, குழாய்ல ஒரு மூட்டு தேஞ்சிருக்குன்னு எனக்குப் படுது. சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டார். அப்புறம் அப்பா கண்ணைப் பத்தி, மாமா வேலையைப் பத்தி எல்லாம் விசாரிச்சார். சொந்தக்காரங்ககூட அவ்வளவு பொறுமையாக் கேட்டதில்ல.

என் ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு ஸ்வெட்டர் தொங்குது. எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்த பொண்ணோடதாம். அவ எங்கன்னு பெரியப்பாவைக் கேட்டா "ஊருக்குப் போயிட்டா பாவம், குளிர் ஒத்துக்கல"ன்னார். நெட்டை அப்ப பக்கத்துலதான் இருந்தான். வாயே ஓயாதவன், குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட ஆரம்பிச்சுட்டான்.

வாண்டு

*

ஆகஸ்ட் 8

வாண்டு,

முதல்ல ஒரு விஷயம். நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். உங்க பெரியப்பா மனுஷனே இல்ல, தெய்வம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வாசல்ல ஒரு கார் வந்து நின்னுது. இறங்கினவர் பெரியப்பாவோட தம்பியாம். "அண்ணன் போன் பண்ணிச் சொன்னார், உங்களைப் பார்த்துட்டு வரச் சொன்னார்"னு வந்து உக்காந்தார். இங்க அவங்களுக்கு லாரி, கிடங்குன்னு பெரிய தொழில் இருக்கு. மறுநாளே மாமாவை வரச் சொல்லி சூப்பர்வைசர் வேலை போட்டுக் கொடுத்துட்டார். அப்பாவை அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், தெரிஞ்ச டாக்டரை வச்சு ஒரு கண்ணுக்கு ஆபரேஷனும் முடிஞ்சாச்சு. ஒரு பைசா வாங்க மாட்டேங்கிறார். கட்டுப் பிரிச்சதும் அப்பா மாடியில நின்னுக்கிட்டு ரோட்டுல போற பஸ் நம்பரையெல்லாம் ஒவ்வொண்ணாப் படிச்சார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ எப்போம்மா இவ்வளவு இளைச்சே?"ன்னு கேட்டு அழுதுட்டார். எனக்கும் தாங்கல.

ஒண்ணே ஒண்ணு. அந்தத் தம்பி இன்னொரு தடவை வந்தப்ப நாங்க வீட்டுல இல்ல, கதவைப் பூட்டிட்டுக் கடைக்குப் போயிருந்தோம். அப்பா அசந்து தூங்கிட்டு இருந்தார். திரும்பி வந்து பார்த்தா அவர் ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருக்கார். சாவி வைக்கிற இடத்தை நீ சொல்லியிருக்கேன்னு நெனச்சேன். இதையெல்லாமா வெளியாள்கிட்ட சொல்றது? அடுத்த தடவை கொஞ்சம் யோசிச்சுப் பேசு.

மாமா இப்ப ஸ்க்ரூவைத் தொடறதில்ல. ஃபேன் சுத்துது.

அக்கா

*

ஆகஸ்ட் 26

அக்கா,

நான் சாவியைப் பத்திச் சொல்லல. வீட்டு விலாசத்தையும் நான் கொடுக்கல. வேலைக்குப் போட்ட மனுவுல இருந்து எடுத்திருக்கலாம். சாவி எப்படின்னு எனக்குப் புரியல.

அப்பாவுக்குப் பார்வை வந்ததுல எனக்கும் சந்தோஷம்தான். ரூம்ல தனியா உக்காந்து அழுதேன். ஆனா இதை நான் கேக்கலைக்கா. ஒரு தடவைகூட கேக்கல.

நீ நிதானமாப் படி. மூணாவது அறைக்குப் புது சென்சார் இன்னும் வரல. மூட்டுல கசியறது இப்ப அங்க போனாலே தெரியுது, கண்ணு கரிக்குது. திரும்பப் போய்ச் சொன்னேன். அந்த அறையை மூடி வச்சு ரிப்பேர் பண்ணணும், இல்லைன்னா ஆளுங்களை உள்ள அனுப்பக் கூடாதுன்னு சொன்னேன். முழுக்கக் கேட்டார். எனக்கு டீ ஊத்திக் கொடுத்தார். அப்புறம், "உங்க மாமாவுக்கு வேலை பிடிச்சிருக்காம்மா?"ன்னு கேட்டார். நான் டீயைக் குடிச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

அந்த ஸ்வெட்டர் பொண்ணைப் பத்தி நெட்டையை உலுக்கி எடுத்துட்டேன். குளிர் ஒண்ணும் இல்ல. அவளும் இதே மூட்டைப் பத்தித்தான் கேட்டிருக்கா. விடாமக் கேட்டிருக்கா. ஒரு காலையில பெரியப்பா ரொம்ப வருத்தமா, "கம்பெனி நிலைமை சரியில்லம்மா, உனக்கு இனிமே பொறுப்பு சொல்ல முடியல"ன்னு சொல்லியிருக்கார். கம்பெனி கையை விட்டா நாங்க இங்க தங்க முடியாது. துணியை மடிச்சு வைக்கக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கல. ஏர்போர்ட்டுக்கு இவரே கார்ல கொண்டு விட்டு, வழியில சாப்பாடும் வாங்கிக் கொடுத்தாராம்.

யாரையும் இங்க பூட்டி வைக்கலைக்கா. கதவெல்லாம் திறந்துதான் இருக்கு. எங்க போறதுன்னுதான் தெரியல.

அந்த உதவியெல்லாம் போதும்னு சொல்லிடு. மாமாவை வேற வேலை தேடச் சொல்லு. சொல்றியா?

வாண்டு

*

செப்டம்பர் 15

வாண்டு,

உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவை படிச்சா கிழிச்சுப் போட்டுடுவேனோன்னு பயந்து உள்ள வச்சுட்டேன்.

போதும்னு சொல்லணுமா? யார் சொல்றது? அப்பாவோட இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க. அவர்கிட்டப் போய், "உங்க சின்னப் பொண்ணுக்குச் சரியாப் படல, பாதி பார்வை போதும்"னு சொல்லட்டுமா? மாமா இப்ப தூக்கத்துல சிரிக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் அதைப் பார்த்ததே இல்ல. அவரை எழுப்பி வேலையை விடுங்கன்னு சொல்லட்டுமா?

நீ இங்கேர்ந்து போனப்ப உனக்குப் பதிலா இங்க நின்னது நான். வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தது நீ. இப்ப எங்களுக்குன்னு ஒரு நல்லது நடந்தா அதுவும் உனக்கு உறுத்துது. வேலை செய்யற இடம்னா ஆயிரம் இருக்கும். எங்க ஸ்கூல்லயும்தான் மாடிப்படி கைப்பிடி ஆடுது. நான் என்ன போராட்டமா நடத்தறேன்? ஒரு மணி அடிக்காததுக்கா இவ்வளவு?

கொஞ்ச நாள் மூக்கைப் பொத்திக்கிட்டு வேலையைப் பாரு. எல்லாம் சரியாகும்.

அக்கா

*

அக்டோபர் 20

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். அப்பாவுக்கு ரெண்டாவது கண்ணும் நல்லபடியா முடிஞ்சுதுன்னு போன்ல சொன்னார். சந்தோஷம்.

போன வாரம் அரசாங்கத்துலேர்ந்து ஒரு அம்மா சோதனைக்கு வந்தாங்க. அறை அறையாப் போய்ப் பார்த்தாங்க. நான் கூடப் போனேன். பெரியப்பாவும் வந்தார். மூணாவது அறைக்கு முன்னாடி வந்தப்ப, உள்ள ஏதோ சரக்கு ஏத்தறாங்கன்னு சொல்லிக் கதவைத் திறக்கல. அந்த அம்மா கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டு என்கிட்டக் கேட்டாங்க, "அந்த மணி வேலை செய்யுதா?"

பெரியப்பா என்னைப் பார்க்கக்கூட இல்ல. கோட்டுல ஒட்டியிருந்த ஐஸைத் தட்டி விட்டுட்டு இருந்தார்.

நான் ஆமான்னு சொல்லிட்டேன்.

நீ சொன்ன மாதிரியே இருக்கேன். கவலைப்படாதே.

வாண்டு

*

நவம்பர் 27
(பெரியப்பா கையில் கொடுத்தனுப்புவது)

அன்புள்ள வாண்டு,

நம்ம வீட்டுக்குப் பெரியப்பாவே வந்திருக்கார்! ஹால்ல அப்பாவோட உக்காந்து சிரிச்சுப் பேசிட்டு இருக்கார். நாளைக்கு அங்க கிளம்பறாராம். தங்கச்சிக்கு ஏதாவது எழுதிக் கொடு, கையோட கொடுத்துடறேன்னு சொன்னார். அதான் அவசரமா எழுதறேன்.

அங்க சின்ன விபத்து நடந்ததாச் சொன்னார். ஒரு பையனோட கவனக்குறைவுன்னு சொன்னார். விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவாங்களாம். பயப்படாம இரு. பெரியப்பா சொல்றபடி கேளு. நாங்க எல்லாரும் சௌக்கியம். மாமாவோட பழைய சைக்கிள் பிரமோஷன் ஆகி ஸ்கூட்டர் ஆயிடுச்சு.

உன் அன்பு அக்கா

*

நவம்பர் 27
(அதே நாள், தபாலில்)

வாண்டு,

அவர் கொண்டு வர்ற லெட்டரை நம்பாதே. பக்கத்துல அவர் இருக்கும்போது எழுதினது. எழுதி முடிச்சு கவரை ஒட்டப் போனேன். "ஒட்ட வேண்டாம்மா, ஏர்போர்ட் சோதனையில எப்படியும் கிழிப்பாங்க"ன்னு கையை நீட்டினார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நான் கொடுத்துட்டேன்டீ. வாங்கி சட்டைப் பையில வச்சுக்கிட்டு அப்பாகிட்டத் திரும்பி, "உங்க சின்னவ தங்கம்"னார்.

யார் அந்தப் பையன்? நெட்டையா? போன்ல நீ பேசற குரலே சரியில்ல. ஒரு மாசமா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்றே. அக்டோபர்ல நீ எழுதினதுக்கு நான் பதிலே போடல. எனக்கு அது புரிஞ்சுது. புரியாத மாதிரி இருந்துட்டேன்.

நடந்ததை எழுது. எதையும் விடாம எழுது.

அக்கா

*

டிசம்பர் 12

அக்கா,

நெட்டைதான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு லாரி அவசரமாக் கிளம்பணும்னு மூணாவது அறையிலேர்ந்து பெட்டிகளை எடுக்க அவன் வண்டியோட உள்ள போயிருக்கான். நான் அப்ப கீழே மெஷின் ரூம்ல இருந்தேன். குழாய் அழுத்தம் காட்டற மீட்டர்ல முள் சட்டுன்னு இறங்கினதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஓடினேன். அந்த மூட்டு விட்டுப் போயிருந்துது. கதவுக்கு வெளியில இருந்தே கண்ணைத் திறக்க முடியல, உள்ளே வெள்ளையாப் புகை. ஈரத் துணியைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேர் உள்ள போய் இழுத்துட்டு வந்தாங்க. வண்டியில இருந்து இறங்கி, கதவுன்னு நெனச்சு சுவத்தைத் தடவிக்கிட்டே எதிர்ப்பக்கம் போயிருக்கான். அவ்வளவு நேரமும் மணி அடிக்கல. எப்படி அடிக்கும்?

உயிர் இருக்கு. நெஞ்செல்லாம் வெந்து போயிருக்குன்னு டாக்டர் சொன்னார். கண்ணுல கட்டு. பார்வை வர்றது சந்தேகம்தானாம். அப்பா பஸ் நம்பர் படிச்சதை நீ எழுதினியே, அது எனக்கு ஞாபகம் வந்துது. உன்னைக் குத்திக் காட்டச் சொல்லல. வந்துது, அதான்.

ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அவனைப் பார்க்க விட்டாங்க. என் குரலைக் கேட்டதும் கையைத் தேடிப் பிடிச்சுக்கிட்டான். தொண்டையில காத்துதான் வந்துது, குனிஞ்சு கேட்டேன். "மணி அடிச்சுதுல்ல? நான் பாட்டுக் கேட்டுட்டு இருந்தேன். எனக்குத்தான் கேக்காமப் போச்சு. எல்லாருக்கும் தொந்தரவு கொடுத்துட்டேன்."

தன் மேலதான் தப்புன்னு நெனச்சுட்டு படுத்திருக்கான் அக்கா. நான் ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துட்டேன்.

விபத்து நடந்த அன்னிக்கே மூட்டைச் சரி பண்ணி, மணிக்கும் ஒயர் மாட்டிட்டாங்க. இப்ப போய்ப் பார்த்தா நல்லா அடிக்குது. விசாரணை ஜனவரியில. பெரியப்பா ஊர்லேர்ந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டு உன் லெட்டரைக் கொடுத்தார். "அக்கா எவ்வளவு அழகா எழுதறா"ன்னார். அப்புறம், "அவன் பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலை செய்வான்னு ஊருக்கே தெரியும். நீ புதுசா எதுவும் சொல்ல வேண்டாம்மா. அந்த அம்மாகிட்ட ஏற்கனவே என்ன சொன்னியோ, அதையே திரும்பச் சொன்னா போதும்"னார். நெட்டையோட அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போறாராம்.

உண்மையைச் சொன்னா என்னை இங்கேர்ந்து அனுப்பிடுவாங்க. போகட்டும். ஆனா மாமா வேலை? நான் அந்த அம்மாகிட்டப் பொய் சொன்னதுக்கு எனக்கே என்ன ஆகும்னு தெரியல. அக்கா, என்ன செய்யட்டும்? இந்தத் தடவை நீ சொல்லு.

வாண்டு

*

டிசம்பர் 26

வாண்டு,

மூக்கைப் பொத்திக்கோன்னு உனக்கு எழுதினது இந்தக் கைதான். இப்பவும் இதுதான் எழுதுது. சொல்லிடு. ஒண்ணு விடாமச் சொல்லிடு. நீ ஆமான்னு சொன்னதையும் சேர்த்துச் சொல்லு. அப்புறம் வீட்டுக்கு வா.

முதல்ல மாமாகிட்ட சொல்லிட்டு உனக்கு எழுதலாம்னு இருந்தேன். ஆனா அதுக்கு முன்னாடியே இன்னொருத்தருக்குத் தெரிஞ்சு போச்சு. உன் லெட்டரை என் பையில வச்சிருந்தேன். சில்லறை தேடின அப்பா எடுத்துப் பார்த்திருக்கார். புதுக் கண்ணு, தானே படிச்சுட்டார். நான் சமையக்கட்டுலேர்ந்து வந்து பார்த்தா லெட்டர் மடியில இருக்கு. என்னை நிமிர்ந்து பார்க்கல. "இந்தக் கண்ணை நான் எங்கம்மா கொண்டு வைக்கிறது?"ன்னு கேட்டார். அன்னிக்கு நீ போன் பண்ணப்ப ஸ்பீக்கர்ல போடாமக் காதுல வச்சுக்கிட்டு நடையில போய் நின்னு பேசினாரே, கவனிச்சியா?

மாமாகிட்டயும் சொல்லிட்டேன். நம்பல. "அவங்க கெட்டவங்கன்னா நமக்கு எதுக்கு இவ்வளவு செய்யணும்?"னார். அதையே நீங்களும் யோசிங்கன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போயிட்டார்.

அதைப் பத்திக் கவலைப்படாதே. நான் பார்த்துக்கறேன். நீ நெட்டைகிட்டப் போய் முதல்ல அவன்மேல தப்பு இல்லைன்னு சொல்லு. விசாரணைக்கு முன்னாடி அதைச் செய்.

அக்கா

*

ஜனவரி 30

அக்காவுக்கு,

நெட்டைகிட்ட சொன்னேன். மணி அடிக்கவே இல்ல, ஒயரே மாட்டல, அது தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலைன்னு சொன்னேன். கையை இழுத்துக்கிட்டான். அதுக்கப்புறம் நான் போனப்பல்லாம் தூங்கறதாச் சொல்லி அனுப்பிட்டாங்க. அது அவன் உரிமை.

விசாரணையிலயும் சொல்லிட்டேன். சோதனைக்கு வந்த அதே அம்மா எதிர்ல உக்காந்திருந்தாங்க. "அன்னிக்கு ஏன் ஆமான்னு சொன்னீங்க?"ன்னு கேட்டாங்க. பயம்னு சொன்னேன். "யாராவது மிரட்டினாங்களா?"ன்னாங்க. என்னன்னு சொல்வேன்? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணிக் கொடுத்தார்னா? எனக்கு டீ கொடுத்தார்னா? கேட்டு எழுதிக்கிட்டாங்க, முகத்துல ஒண்ணும் தெரியல. மத்தவங்க எல்லாரும் மணி அடிச்சுதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்க மேல எனக்குக் கோபம் வரல. அவங்களுக்கும் வீடு இருக்கு. இன்னும் விசாரணை முடியல. ஊர்லேர்ந்தே திரும்பவும் சாட்சி சொல்ல வேண்டி வருமாம்.

பெரியப்பா சத்தம் போடல. வாசல்ல எனக்காகக் காத்திருந்தார். "கம்பெனி நிலைமை சரியில்லம்மா"ன்னார். ஏர்போர்ட்டுக்குக் கார்ல கொண்டு விடறேன்னார். வேண்டாம்னு சொன்னதுக்கு, "குழந்தை, கோபம் வந்தா இப்படித்தான்"னு பக்கத்துல இருந்தவர்கிட்டச் சொல்லிச் சிரிச்சார்.

ரூமைக் காலி பண்ணும்போதே புதுசா ஒரு பொண்ணு பெட்டியோட வந்துட்டா. போன மாசம்தான் பட்டம் வாங்கினாளாம். முகமெல்லாம் சிரிப்பு. மாடிப்படியில நிறுத்தி வச்சு எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டா. "எனக்கு அடுத்த வாரத்தோட இங்க தங்கற அனுமதி முடியுதுக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் பெட்டியை மேல தூக்கிட்டுப் போயிட்டா.

ஒரு சிநேகிதி வீட்டுல இருக்கேன். டிக்கெட் இன்னும் ரெண்டு வாரத்துல.

வாண்டு

*

பிப்ரவரி 5

வாண்டு,

இதை கூரியர்ல அனுப்பறேன், நீ கிளம்பறதுக்குள்ள கிடைக்கணும்.

மாமாவை வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னுதான் எதிர்பார்த்தேன். அதுக்காக மனசைத் திடப்படுத்திக்கிட்டு இருந்தேன். நேத்து அந்தத் தம்பி வந்தார். பழையபடியே சிரிப்பு, அப்பாவுக்குப் பழம். அப்பா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அதையும் அவர் தப்பா எடுத்துக்கல. மாமா தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, "சின்னப் பொண்ணு ஏதோ தெரியாம செஞ்சுட்டா, அதுக்கு உங்களை ஒதுக்குவோமா? நீங்க நம்ம ஆளு"ன்னார்.

இங்க அவங்க கோல்ட் ஸ்டோரேஜ் திறக்கறாங்களாம் வாண்டு. அங்க இருந்து பழைய மெஷின், குழாய் எல்லாம் கப்பல்ல வந்து இறங்கியாச்சு. மெஷின் ரூம் பொறுப்பு மாமாவுக்கு. சம்பளமும் கூட. "விசாரணை எல்லாம் இழுத்துக்கிட்டே போகும். உங்க தங்கச்சியும் வரட்டும், வந்து உங்ககூடவே வேலை பார்க்கட்டும். குடும்பமா ஒரே இடத்துல இருந்தா எல்லாருக்கும் நல்லதுதானே?"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னார்.

மாமா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் நின்னு பார்த்துட்டு இருந்தேன்.

அவர் போனதும் சண்டை போட்டேன், அழுதேன், அவர் குழந்தையா இருந்தா தூக்கிட்டே போயிருப்பேன். "உன் தங்கச்சி அங்க கெடுத்துக்கிட்டது போதாதா? அவ போய்ச் சொன்ன பிறகும் நமக்குச் சோறு போடறாங்கன்னா அவங்க மனசு எவ்வளவு பெருசு"ங்கிறார். திங்கக்கிழமையிலேர்ந்து போறார். இன்னிக்குக் காலையில கண்ணாடி முன்னாடி புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்துட்டு இருந்தார்.

அந்த இடத்துல என்ன இருக்கும், எப்படி இருக்கும்னு எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்குத்தான் தெரியும். என்ன சொல்லட்டும் அவர்கிட்ட?

அக்கா

*

பிப்ரவரி 9

அக்கா,

கூரியர்காரர் போறதுக்குள்ள அவரை நிக்க வச்சே எழுதறேன். நான் வந்து இறங்கறதுக்கு முன்னாடி இது உன் கையில கிடைக்கணும்.

மாமாவைப் போக வேண்டாம்னு சொல்லாதே. சொன்னா கேக்க மாட்டார், கோபத்துல இன்னும் சீக்கிரமாப் போவார். ஆனா இதையெல்லாம் சொல்லு, நான் சொன்னதாச் சொல்ல வேண்டாம். உனக்காகச் செய்யச் சொல்லு. பையில எப்பவும் ஒரு துண்டும் ஒரு பாட்டில் தண்ணியும் வச்சு விடு. உள்ள போனதும் முதல்ல வெளிய வர்ற கதவு எந்தப் பக்கம்னு பார்க்கச் சொல்லு. கண்ணை மூடிக்கிட்டே அங்க நடந்து வரத் தெரிஞ்சுக்கணும். மூக்கு லேசா எரிஞ்சாலும் துண்டை நனைச்சு முகத்துல கட்டிக்கிட்டு, காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமா ஓடணும். சரக்கு, வண்டி, யார் கூப்பிட்டாலும், எதுக்கும் திரும்பக் கூடாது.

சுவத்துல இருக்கிற மணியை அவருக்குக் காட்டுவாங்க. அடிச்சுக்கூடக் காட்டுவாங்க. அது அடிக்கும்னு மட்டும் காத்திருக்க வேண்டாம்னு சொல்லு.

வாண்டு